சிலேட்டை அழித்து அழித்துக் கிளைக்கால் கசிவைத் தேடிய பதிவு

பால் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கும் நண்பர் ஒரு மார்ச் மாத மாலையில் தண்ணீர் பாட்டிலோடு என் பட்டறைக்கு வந்தார். ஆலையின் குளிர்நீர்த் தொட்டியில் எடுத்த தண்ணீர். பார்க்கச் சுத்தமாக இருந்தது, வாடையும் இல்லை. "இதுல கிளைக்கால் கலந்திருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்கண்ணா, போதும்" என்றார்.

அவர் சிக்கல் இதுதான். சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரத்தில் இருந்து புறப்படும் குளிர்ச்சியை 30 சதவீத புரொப்பிலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர் சுமந்து வருகிறது. அது மூடிய சுற்று. தகட்டு வெப்பமாற்றி ஒன்றுக்குள் நுழைந்து, தகட்டின் மறுபக்கம் ஓடும் தண்ணீரைக் குளிரவைத்துவிட்டுத் திரும்பிவிடும். அந்தத் தண்ணீர்தான் பாலைக் குளிர்விக்கப் போகிறது. மூடிய சுற்றில் எதுவும் குறையக் கூடாது. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாலைந்து லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்படியானால் போவது தகட்டின் மறுபக்கத்துக்குத்தான் என்பது அவர் சந்தேகம். ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துக் கலவையின் அளவைச் சொல்லும் கை ரிஃப்ராக்டோமீட்டரில் தொட்டித் தண்ணீர் சுழியம் காட்டியது. அந்தக் கருவியில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 0.2 சதவீதம். 0.02 சதவீதம் கலந்திருந்தால் அதற்குத் தெரியவே தெரியாது. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பினால் முடிவு வர ஒரு வாரம். கசிவு கூடுகிறதா என்று பார்க்க நாலைந்து முறையாவது அனுப்ப வேண்டும்.

கிளைக்கால் ஒரு ஆல்கஹால். மெத்தனால், எத்தனால் எல்லாம் அதற்குச் சொந்தம். தண்ணீரில் இவற்றைக் கண்டுபிடிப்பது ஏன் கடினம் என்றால், இவற்றுக்கு நிறம் கிடையாது. ஆய்வகங்களில் வழக்கமாக வைத்திருக்கும் புற ஊதாக் கருவியின் கண்ணிலும் படாது. அயனியாகப் பிரியாததால் கடத்துதிறன் மீட்டரும் அசையாது. ஆனால் பிளாட்டினத்துக்கு இவற்றைத் தெரியும். ஆல்கஹால் பிளாட்டினத்தின் மேல் ஒட்டி, ஹைட்ரஜனை இழந்து, எலக்ட்ரான்களைக் கொடுக்கும். அந்த எலக்ட்ரான்களை எண்ணினால் போதும்.

நான் கோயம்புத்தூர் கணபதியில் ஆய்வகக் கருவிகள் பழுது பார்ப்பவன். கரைசலில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் அயனிக் குரோமட்டோகிராஃபி கருவிகளில் சர்க்கரை வகைகளை அளக்கும் உணரியைப் பலமுறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அதில் ஓடும் உத்திதான் இங்கேயும் தேவை. 1981-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டென்னிஸ் ஜான்சனும் அவரோடு இருந்தவர்களும் தண்ணீரில் உள்ள எளிய ஆல்கஹால்களைப் பிளாட்டினம் மின்முனையில் மூன்று படி மின்னழுத்தம் மாற்றி மாற்றிக் கொடுத்து அளந்து காட்டினார்கள். அதே உத்தி பின்னால் தங்க மின்முனைக்கும் காரக் கரைசலுக்கும் மாறி, சர்க்கரை வகைகளை அளக்கும் நிலையான முறையாகிவிட்டது. ஆல்கஹாலுக்கு அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அவ்வளவு அழகான வேலை அது.

சரி, பிளாட்டினம் வேண்டும். வாங்கினால் கட்டுப்படியாகாது. ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் உலை வெப்பம் அளக்கும் எஸ் வகைத் தெர்மோகப்பிள் வைத்திருப்பார்கள். அதன் ஒரு கம்பி சுத்தப் பிளாட்டினம், இன்னொன்று 10 சதவீத ரோடியம் கலந்த பிளாட்டினம். பீங்கான் குழாய் உடைந்துபோன பழைய ஒன்று என்னிடம் கிடந்தது. இரண்டும் ஒரே வெள்ளையாக இருக்கும், எது எது என்று கண்ணுக்குத் தெரியாது. முனையை லைட்டர் தீயில் காட்டி மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்தேன். எதிர்முனையாக வருவதுதான் சுத்தப் பிளாட்டினம். அதைத் துண்டித்து, இன்னொன்றைச் சுருளாகச் சுற்றி, கரைசலில் மின்சுற்றை முடித்துவைக்கும் எதிர் மின்முனைக்கு வைத்துக்கொண்டேன். வீணாக ஒன்றும் போகவில்லை.

0.5 மில்லிமீட்டர் கம்பியைச் சாதாரணச் சோடாக் கண்ணாடிச் சொட்டுக்குழாயின் முனையில் செருகி, தீயில் உருக்கி அடைத்தேன். சோடாக் கண்ணாடியும் பிளாட்டினமும் சூட்டில் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும், ஆறும்போது விரிசல் விடாது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தது ஒரு சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் பரப்பு 0.16 சதுர சென்டிமீட்டர்.

மின்னணுப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தன் மின்னழுத்தம் மாறாமல் நிற்கும் ஒப்பீட்டு மின்முனையைப் பார்த்துப் பிளாட்டினத்தின் மின்னழுத்தத்தைச் சொன்ன இடத்தில் பிடித்து நிறுத்தும் சுற்று, அதாவது பொட்டென்ஷியோஸ்டாட். இரண்டு டிஎல்082 (ஆப்-ஆம்ப் என்னும் பெருக்கி சிப்), மின்னழுத்தம் கொடுக்க எம்சிபி4725, மின்னோட்டம் படிக்க ஏடிஎஸ்1115, எல்லாவற்றையும் ஆட்டிவைக்க ஒரு அர்டுயினோ நானோ. மின்னோட்டத்தை மின்னழுத்தமாக மாற்ற 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஏடிஎஸ்1115-ஐ 2.048 வோல்ட் அளவில் வைத்தால் ஒரு படி ஏறக்குறைய 6 நானோ ஆம்பியர், நமக்கு அது தாராளம். முதல் நாள் ஆப்-ஆம்ப் தானாக அதிர்ந்தது. கட்டுப்படுத்தும் ஆப்-ஆம்பின் குறுக்கே 1 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வைத்ததும் அடங்கியது.

கரைசல் 0.1 மோலார் சல்ஃப்யூரிக் அமிலம். லிட்டருக்கு 5.5 மில்லி ஆய்வகத் தர அடர் அமிலம். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் அமிலத்தை மெல்ல விட வேண்டும், மாற்றிச் செய்யவே கூடாது. பேட்டரிக் கடைத் தண்ணீர் இதற்கு ஆகவில்லை. அதன் பிளாஸ்டிக் கேனில் இருந்து ஏதோ இறங்கியிருந்தது, பிளாட்டினத்தில் தெளிவாகத் தெரிந்தது. மருந்துக்கடையில் விற்கும் ஊசிமருந்து கலக்கும் தண்ணீர் நன்றாக இருந்தது.

பிளாட்டினம் சுத்தமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதை விட்டுவிட்டு எந்த அளவீட்டிலும் இறங்கக் கூடாது. வெறும் அமிலத்தில் மின்னழுத்தத்தை மேலும் கீழும் ஒரே வேகத்தில் நகர்த்தி மின்னோட்டத்தை வரைவது. சுத்தமான பிளாட்டினம் அடியில் இரட்டைத் திமில் காட்டும். அது ஹைட்ரஜன் அணுக்கள் ஒட்டி விலகுவது. நடுவில் தட்டையான ஒரு பகுதி. மேலே போகும்போது ஆக்சைடு பூக்கும் மேடு. திரும்பி வரும்போது அந்த ஆக்சைடு உரியும் ஒரே ஒரு கூர்மையான பள்ளம், என் ஒப்பீட்டு மின்முனையில் 0.48 வோல்ட் பக்கம். திமில் இரண்டும் மழுங்கியிருந்தால் மேற்பரப்பில் அழுக்கு. உலையில் கிடந்த கம்பி முதல் நாள் ஒரு மொட்டைக் குன்றைத்தான் காட்டியது. தீயில் சிவக்கக் காய்ச்சி, அமிலத்தில் ஐம்பது அறுபது சுற்று ஓடவிட்ட பிறகு திமில்கள் மெல்ல மெல்லப் பிரிந்து எழுந்தன. திரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படிக்கிற காலத்தில் புத்தகத்தில் பார்த்த படம் நம் கம்பியில் வருவது தனிச் சந்தோஷம்.

அப்புறம் எளிய வழியை முதலில் முயன்றேன், படி மாற்றும் பல்ஸ் எதுவும் இல்லாமல். 0.40 வோல்ட்டில் நிலையாக வைத்து, கிளைக்காலை விட்டேன். மின்னோட்டம் ஏறியது. மனம் குளிர்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, கால்வாசிக்குக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி கிளைக்கால் விட்டாலும் எழவில்லை. பிளாட்டினம் செய்யும் வேலையே அதற்கு எமனாகிவிடுகிறது. ஆல்கஹாலை உடைக்கும்போது அதன் துண்டுகள், முக்கியமாகக் கார்பன் மோனாக்சைடு, பிளாட்டினத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இடம் நிறைந்துபோனால் அடுத்த மூலக்கூறு உட்கார வழியில்லை.

இதற்கு விடைதான் மூன்று படிகள். சின்ன வயதில் சிலேட்டில் எழுதியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எழுதுகிறோம். நிறைந்ததும் கோவை இலையைக் கசக்கி, அந்த ஈரச் சாற்றால் அழிக்கிறோம். ஆனால் ஈரச் சிலேட்டில் பலப்பம் பிடிக்காது, காயவைத்துத்தான் மறுபடி எழுத வேண்டும். பிளாட்டினத்திலும் அப்படியே. முதல் படியில் ஆல்கஹாலை அளக்கிறோம். இரண்டாம் படியில் மின்னழுத்தத்தை உயர்த்துகிறோம். தண்ணீரில் இருந்து வரும் ஆக்சிஜன் பிளாட்டினத்தின் மேல் படிந்து, ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடை எரித்துக் கார்பன் டையாக்சைடாக அனுப்பிவிடும். அழுக்குப் போயிற்று, ஆனால் இப்போது மேற்பரப்பு முழுக்க ஆக்சைடு, அது ஆல்கஹாலைச் சீண்டாது. மூன்றாம் படியில் மின்னழுத்தத்தைக் கீழே இறக்கினால் ஆக்சைடு உரிந்து வெறும் பிளாட்டினம் மிஞ்சும். அந்த நிமிடமே ஆல்கஹால் வந்து ஒட்டத் தொடங்குகிறது. ஆகவே மூன்றாம் படியை எவ்வளவு நேரம் வைக்கிறோம் என்பதும் அளவீட்டைப் பாதிக்கும். இதை நான் முதலில் கவனிக்கவில்லை. 150 மில்லி செகண்டில் இருந்து 350-க்கு நீட்டியபோது மின்னோட்டம் கூடியதைப் பார்த்துத்தான் புரிந்தது.

கடைசியில் நான் நிலைத்து நின்ற எண்கள் இவை. 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய வெள்ளி–வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனையை வைத்துச் சொல்கிறேன். அளக்க 0.40 வோல்ட், 400 மில்லி செகண்ட். அழிக்க 1.15 வோல்ட், 150 மில்லி செகண்ட். உரிக்க எதிர் 0.15 வோல்ட், 350 மில்லி செகண்ட். ஒரு சுற்று 0.9 செகண்ட். இந்த அமிலத்தில் எதிர் 0.27 வோல்ட்டுக்குக் கீழே போனால் ஹைட்ரஜன் குமிழி விடத் தொடங்கும், அதனால் அதற்கு மேலேயே நின்றுகொண்டேன். அளக்கும் மின்னழுத்தத்தை 0.1-இல் இருந்து 0.7 வரை சிறிது சிறிதாக மாற்றிப் பார்த்துத்தான் 0.40-க்கு வந்தேன். அதற்கு மேலே போனால் கிளைக்கால் இன்னும் கொஞ்சம் பேசும், ஆனால் ஆக்சைடு தன் மின்னோட்டத்தையும் கூடச் சேர்க்கத் தொடங்கிவிடும்.

400 மில்லி செகண்டும் அளப்பதில்லை. மின்னழுத்தம் தாவிய உடனே மேற்பரப்பு ஒரு கெப்பாசிட்டர்போலத் தன்னை நிரப்பிக்கொள்ளும். அந்த மின்னோட்டம் ஆல்கஹாலுடையதைவிடப் பல மடங்கு பெரியது. நல்ல வேளையாக அது சீக்கிரம் அடங்கிவிடும், ஆல்கஹாலுடையது நிற்கும். முதல் 200 மில்லி செகண்டை விட்டுவிட்டு அடுத்த 200-ஐ மட்டும் சராசரி எடுத்தேன். அந்த 200-க்கு ஒரு காரணம் இருக்கிறது. முதலில் அவசரத்தில் 30 மில்லி செகண்டுக்குத்தான் சராசரி எடுத்திருந்தேன். எண்கள் மேலும் கீழும் ஒன்றரை மைக்ரோ ஆம்பியர் ஆடின. கேபிளைச் சுற்றினேன், டப்பாவை அலுமினியத் தாளால் மூடினேன், ஒன்றும் நடக்கவில்லை. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு அலைக்கு 20 மில்லி செகண்ட். 30 என்பது ஒன்றரை அலை, அந்த அரை அலை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வந்து மாட்டும். 200 என்பது சரியாகப் பத்து அலை, ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். நிரலில் ஒரே ஒரு எண்ணை மாற்றினேன். ஆட்டம் 0.1-க்கு இறங்கியது. 60 ஹெர்ட்ஸ் ஊர்களிலும் 200 பன்னிரண்டு முழு அலைதான், அங்கேயும் இதே எண் போதும்.

இனி என்ன, அளக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். வெறும் அமிலம் எதிர் 22 மைக்ரோ ஆம்பியர் காட்டியது. கண்ணாடிக் குச்சியால் ஒரு கலக்குக் கலக்கினால் எதிர் 60. கிளைக்காலின் மின்னோட்டமோ நேர்ப்பக்கம் ஐந்தோ பத்தோ. எதிர்ப்பக்கம் இவ்வளவு பெரிதாக என்ன இருக்க முடியும்? காற்றில் இருந்து கரைந்த ஆக்சிஜன். 25 டிகிரியில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜனை வைத்திருக்கும். 0.40 வோல்ட்டில் பிளாட்டினம் அதை ஆவலோடு பிடித்துத் தண்ணீராக்கும், ஒரு மூலக்கூறுக்கு நான்கு எலக்ட்ரான் கணக்கில். குரோமட்டோகிராஃபி கருவிகளில் கரைசலைக் காற்றுப்போக்கி உள்ளே விடுவதை ஏதோ குமிழி வராமல் இருக்க என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஆக்சிஜனை விரட்ட வேறு ஒரு வாயுவைக் குமிழிவிட வேண்டும். பக்கத்துத் தெருவில் டிக் வெல்டிங் கடை, அங்கே ஆர்கான் சிலிண்டர் எப்போதும் இருக்கும். சிலிண்டரைத் தூக்கி வர முடியாது. பழைய கார் டியூப் ஒன்றைக் காற்றில்லாமல் சுருட்டிக்கொண்டு போனேன். கடைக்கார அண்ணன் ஒரு நிமிடம் டியூபையும் என்னையும் பார்த்தார். "டியூபுக்கா தம்பி? கம்மியா வெச்சே அடிச்சுத் தர்றேன், பழசு, வெடிச்சிரும்" என்றார். பணம் வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டியூப் வால்விலிருந்து அக்குவேரியம் குழாய், நடுவில் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில், அங்கிருந்து மின்முனைகள் நிற்கும் கலத்துக்கு. ரப்பர் வாடை ஏதும் கலத்துக்குள் போய்விடக் கூடாது என்றுதான் நடுவில் அந்தப் பாட்டில். 15 நிமிடம் குமிழிவிட்டேன். எதிர் 22 மெல்ல மேலே ஏறி எதிர் 1.5-க்கு வந்து நின்றது. அளக்கும்போது குமிழியை நிறுத்தி, குழாயைத் திரவத்துக்கு மேலே தூக்கி வைத்துவிட வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனம், ஒரு போர்வைபோல மேலே படுத்துக்கொள்ளும்.

அன்று மதியம் எல்லாம் அருமையாக இருந்தது. மாலைக்குள் கெட்டது. ஒரே கரைசல், அதே கிளைக்கால், ஆனால் மின்னோட்டம் நாற்பது நிமிடத்தில் 9.8-இல் இருந்து 6-க்கு வந்துவிட்டது. பல்ஸ் சரியாக அழிக்கவில்லையோ என்று இரண்டாம் படியை 1.25 வோல்ட்டுக்கு உயர்த்தினேன், பயனில்லை. கரைசலை மாற்றினால் மறுபடி 9.8. அப்புறம் மறுபடி இறக்கம். கம்பியில் தப்பில்லை, கரைசலுக்குள்ளேயே ஏதோ வந்து சேர்கிறது. உள்ளே கைவைக்கும் பொருள்கள் மூன்றுதான். இரண்டு பிளாட்டினம். மூன்றாவது ஒப்பீட்டு மின்முனை, வயிறு நிறையக் குளோரைடு.

சோதனைக்குழாய் இரண்டு எடுத்தேன். ஒன்றில் புது அமிலம், இன்னொன்றில் நாற்பது நிமிடம் ஓடிய அமிலம். இரண்டிலும் மூன்று சொட்டு சில்வர் நைட்ரேட். புதியது அப்படியே தெளிந்து நின்றது. பழையதில் சொட்டு விழுந்த இடத்தில் ஒரு வெள்ளை நூல் இறங்கி, சுருண்டு, அரிசி கழுவிய தண்ணீர்போலக் குழாய் முழுக்கப் பரவியது. வெள்ளி குளோரைடு. அந்த வெள்ளையைப் பார்த்தபோது மாலை முழுக்க இருந்த எரிச்சல் எங்கோ போய்விட்டது.

குளோரைடு பிளாட்டினத்தில் அழுத்தமாக ஒட்டும். ஆல்கஹாலின் இடத்தைப் பிடிப்பதோடு, இரண்டாம் படியில் ஆக்சைடு உருவாவதையும் தடுக்கும். அழிப்பான் வேலையே கெட்டுப்போகிறது. தீர்வு எளிது. ஒப்பீட்டு மின்முனையை நேராகக் கலத்தில் வைக்காமல், இன்னொரு கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தேன். அந்தக் குழாயில் அதே 0.1 மோலார் அமிலம், அடிமுனையில் இறுக்கமாகத் திரித்துச் செருகிய வடிதாள். குளோரைடு கசிந்தாலும் நடுக்குழாயில் தங்கிவிடும், அந்த அமிலத்தைத் தினமும் காலையில் மாற்றிவிடுகிறேன். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் ஓட்டியும் மின்னோட்டம் 2 சதவீதத்துக்கு மேல் நகரவில்லை. இதைச் செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சில்வர் நைட்ரேட் சோதனையைத் தனிக் குழாயில் மட்டும் செய்யுங்கள். கலத்துக்குள் வெள்ளி ஒரு துளி போனாலும் மூன்றாம் படியில் அது பிளாட்டினத்தின் மேலேயே பூச்சாகப் படிந்துவிடும்.

இப்போது அளவுத்திருத்தம். 100 மில்லி தண்ணீரில் 0.38 கிராம் புரொப்பிலீன் கிளைக்கால், அது 50 மில்லி மோலார். அதிலிருந்து சிறிது சிறிதாகக் கலத்தில் சேர்த்துக்கொண்டே போனேன். வெறும் அமிலத்தைக் கழித்த பிறகு, 0.1 மில்லி மோலாருக்கு 1.2 மைக்ரோ ஆம்பியர், 0.25-க்கு 2.9, 0.5-க்கு 5.6, 1-க்கு 9.8, 2-க்கு 15.6, 5-க்கு 24. நேர்கோடு இல்லை, மேலே போகப் போக வளைகிறது. பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்கும். பிளாட்டினத்தில் உட்கார இடம் அவ்வளவுதான், கூட்டம் கூடக் கூட இடம் தீர்கிறது. செறிவின் தலைகீழையும் மின்னோட்டத்தின் தலைகீழையும் எடுத்து வரைந்தால் புள்ளிகள் ஒரே கோட்டில் வந்து விழுந்தன. ஒட்டுதலால் கட்டுப்படும் வினைக்கு இதுதான் அடையாளம்.

நண்பரின் பாட்டில் அதுவரை ஃபிரிட்ஜில் காத்திருந்தது. தண்ணீர் 5 மில்லி, அமிலம் 45 மில்லி. ஆர்கான் 15 நிமிடம். 2.5 மைக்ரோ ஆம்பியர்.

திருத்தக் கோட்டில் நேரடியாகப் படித்தால் லிட்டருக்கு 160 மில்லிகிராம் பக்கம் வருகிறது. ஆனால் அதை நம்பவில்லை. தொட்டிக்கு ஊற்றுவது ஆர்ஓ தண்ணீர் என்றாலும் கொஞ்சம் குளோரைடாவது இருக்கும், கிளைக்காலோடு வரும் துருத்தடுப்பு உப்புகளும் இருக்கும். அவை மின்னோட்டத்தை அமுக்கும். இதற்கு நல்ல வழி, தெரிந்த அளவு கிளைக்காலை அந்த மாதிரியிலேயே சேர்த்து எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பது. 0.25 மில்லி மோலார் ஏறும்படி சேர்த்தேன். 2.5 இருந்தது 4.8 ஆனது. அதை வைத்துக் கணக்கிட்டால் தொட்டித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம். கோட்டின் வளைவால் இது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கலாம், இருந்தாலும் 160-ஐவிட உண்மைக்கு நெருக்கம். தொட்டி 5,000 லிட்டர். அப்படியானால் அதில் ஒரு கிலோ கிளைக்கால் கரைந்து கிடக்கிறது. சதவீதத்தில் 0.02. ரிஃப்ராக்டோமீட்டர் சுழியம் காட்டியதில் தப்பே இல்லை.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம். பிளாட்டினம் பெயர் சொல்லாது. கிளைக்காலுக்குக் கொடுப்பதுபோலவே மெத்தனாலுக்கும் எத்தனாலுக்கும் மின்னோட்டம் கொடுக்கும், பாலில் உள்ள லாக்டோசுக்கும் கொடுக்கும். பால்தான் கசிந்து தண்ணீருக்குள் வந்திருந்தால்? நான்கு நாள் பொறுத்து இரண்டு மாதிரி கேட்டேன். ஒன்று அதே தொட்டியில். இன்னொன்று கிளைக்கால் வெப்பமாற்றியின் தண்ணீர்ப் பக்கத்து வடிகாலில், தண்ணீர்ப் பம்பை இரவு முழுக்க நிறுத்தி வைத்துவிட்டுக் காலையில். கிளைக்கால் சுற்றின் பம்பு மட்டும் ஓட வேண்டும். கசிவு அந்தத் தகடுகளில் இருந்தால் நின்ற தண்ணீரில் சேர்ந்திருக்க வேண்டும். பால் அந்தப் பக்கமே வருவதில்லை. தொட்டி லிட்டருக்கு 260 மில்லிகிராம் காட்டியது. வடிகால் மாதிரி அளவுக்கு அப்பால் போய்விட்டது, இன்னும் இருபது மடங்கு கலந்துதான் படிக்க முடிந்தது.

இதைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர், கள்ளச்சாராயத்தில் மெத்தனால் இருக்கிறதா என்று இதை வைத்துப் பார்க்கலாமே என்றார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு இந்தக் கேள்வி யார் மனதிலும் எழும். முடியாது என்று உறுதியாகச் சொன்னேன். எத்தனால் நிறைந்த ஒன்றில் இந்தக் கம்பிக்கு மெத்தனால் தனியாகத் தெரியாது. முன்னால் இரண்டையும் பிரித்து அனுப்பும் குரோமட்டோகிராஃபித் தூண் வேண்டும். அது இல்லாமல் இதை வைத்து ஒருவர் "பயமில்லை" என்று சொல்லிவிட்டால் உயிர் போகும். ஒரே ஒரு ஆல்கஹால்தான் வர முடியும் என்று நமக்கு முன்பே தெரிந்த இடத்தில் மட்டும் இது நம்பத்தக்கது.

ஞாயிற்றுக்கிழமை ஆலையில் வெப்பமாற்றியைப் பிரித்தார்கள். நானும் போயிருந்தேன். தகடுகளைக் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கம் சிவப்பு ஊடுருவு சாயம் தடவி, மறுபக்கம் வெள்ளைப் பொடிக் கரைசலை அடித்து வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். பத்து நிமிடத்தில் பதினேழாவது தகட்டில், இரண்டு தகடுகளின் மேடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், கடுகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி வெள்ளையில் எழுந்தது. நண்பர் குனிந்து அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசவில்லை. "இத்தனூண்டுதானா" என்று மட்டும் கேட்டார்.

தகட்டையும் ரப்பர் கேஸ்கெட்டுகளையும் மாற்றி, தொட்டியை முழுக்க வடித்துக் கழுவி நிரப்பினார்கள். இப்போது திங்கள்கிழமைதோறும் தேதி எழுதிய பாட்டில் ஒன்று வருகிறது. கடந்த ஆறு வாரமாக 0.1 மைக்ரோ ஆம்பியர், அதாவது கருவியின் ஆட்டத்துக்குள். ஆர்கான் டியூப் ஒரு முறை நிரப்பினால் மூன்று பாட்டிலுக்குத் தாங்குகிறது.